பிடியும் விடுதலும்

பொருநை ஆறு ஆழ்வார்திருநகரிக்கு வடபுறமாகத் தவழ்ந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்கிறது. சென்ற கோடையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அந்த ஆற்றங்கரையில் நண்பர் ஒருவருடன் அமர்ந்திருந்தோம். நீர் வற்றி மணல் தெரிந்த இடத்தில் சிறுவர் இருவர் கட்டிப் புரண்டு மல்லாடிக் கொண்டிருந்தனர். கீழே விழுந்தவன் சிரித்தான். வீழ்த்தியவன் கை கொடுத்து அவனைத் தூக்கினான். மறுபடியும் பிடித்துக் கொண்டனர். நண்பரின் பதின்மூன்று வயது மகன் மட்டும் அவர்களோடு சேராமல் வாப்பாவின் தோளை ஒட்டியே உட்கார்ந்திருந்தான்.

“ஆலிம்சா, இவனைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரிய பையன்கள் இரண்டு பேர் கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து தனியாக வெளியே போக மாட்டேன் என்கிறான். தூத்துக்குடியில் ஜூடோ சொல்லிக் கொடுக்கிறார்களாம். சேர்த்துவிடலாமா? இவனுடைய உம்மாவுக்கு விருப்பமில்லை. சண்டையைப் படித்தால் சண்டைக்காரனாகி விடுவான் என்று பயப்படுகிறாள்” என்றார் நண்பர்.

நாம் மறுமொழி சொல்லுமுன், அந்தப் பிள்ளை தலை நிமிராமலே ஒரு கேள்வி கேட்டான்: “மாமா, கழுத்தைப் பிடித்தால் என்ன செய்யணும்?”

அந்தத் தாயின் அச்சமும் நியாயமானது. அந்தப் பிள்ளையின் கேள்வியும் நியாயமானது. இரண்டுக்கும் விடை தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டியதில் நமக்குப் புலப்பட்டவற்றை, இதே கவலையோடு வாழும் பிற குடும்பங்களுக்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

கைகலத்தல் என்பது

சண்டையை நம் மக்கள் ‘கைகலப்பு’ என்கின்றனர். இச்சொல் உண்மையை உள்ளபடி சொல்கிறது. தடி சுழற்றுவதற்குத் தடியின் நீளத்துக்கு இடம் வேண்டும். குத்து விடுவதற்கு முழங்கை பின்னால் போய் வர இடம் வேண்டும். ஒருவன் சட்டையைப் பற்றிவிட்டால், இடுப்பைச் சுற்றிக் கை போட்டுவிட்டால், இவ்விரண்டும் பயனற்றுப் போகின்றன. குறுகிய சந்து, ஆடும் தோணி, கூட்டம் நெருக்கும் பேருந்து ஆகிய இடங்களில் எழும் சண்டை பெரும்பாலும் பிடித்தலில் போய்த்தான் முடிகிறது. ஆதலால் பண்டைக் காலந்தொட்டே படைப்பயிற்சியில் வில்லுக்கும் வாளுக்கும் பக்கத்தில் மற்போருக்கும் ஓர் இடம் இருந்து வந்திருக்கிறது.

மற்போரின் உட்பொருள் மூன்று சொற்களில் அடங்கும்: நிலை, பிடி, வீழ்ச்சி. கால்களைத் தோளளவு அகற்றி, முழங்காலைச் சிறிது மடக்கி, உடலின் பாரத்தைத் தாழ்த்தி நிற்பவனைச் சாய்ப்பது கடினம். நிமிர்ந்து விறைத்து நிற்பவனைச் சாய்ப்பது எளிது. எதிரி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல் அவன் விசையோடு சென்று திருப்பினால், அவன் பலமே அவனை வீழ்த்தும். மனிதனின் முழங்கை ஒரு பக்கமாகத்தான் மடங்கும்; மறுபக்கம் நெருக்கினால் எத்தகைய பலசாலியும் அடங்குவான். விழும்போது கையை ஊன்றினால் எலும்பு முறியும். முகவாயை மார்போடு சேர்த்து, உடலை உருட்டி விழுந்தால் தலை தப்பும்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். முன்னிருந்து ஒருவன் கையால் கழுத்தைப் பற்றினால் முதலில் முகவாயைத் தாழ்த்தித் தொண்டையைக் காக்க வேண்டும். பிறகு அவன் பிடியில் பலங்குறைந்த இடம் எதுவென்று அறிய வேண்டும். நான்கு விரல்களும் ஒரு பக்கம் நிற்கப் பெருவிரல் ஒன்றே மறுபக்கம் நிற்கிறது. அந்தப் பெருவிரலின் பக்கமாக உடலைத் திருப்பி, அவன் மணிக்கட்டை இரு கைகளாலும் விலக்கினால் பிடி தளரும். தளர்ந்தவுடன் அங்கே நின்று வீரம் பேசாமல் ஓடி வந்துவிட வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதால் மட்டும் கை பழகாது. ஆசிரியர் முன்னிலையில் பலமுறை செய்து பார்த்தால்தான் அச்சமான நேரத்தில் கை தானாக வேலை செய்யும்.

தமிழ் நிலத்தில் மற்போர்

நம் பேச்சு வழக்கிலேயே இக்கலையின் எச்சங்கள் நிறைந்திருக்கின்றன. வாதிட வருபவனை மல்லுக்கு நிற்கிறான் என்கிறோம். தோற்றும் ஒப்புக்கொள்ளாதவனைப் பார்த்து, குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறான் என்று நகைக்கிறோம். இவையெல்லாம் மணற்களத்தில் பிறந்த சொற்கள்.

சங்க இலக்கியத்தில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, தந்தையோடு மனம் வேறுபட்டுப் பிரிந்து வாழ்ந்தவன். அவன் முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்களில் பாடியுள்ளார். 80ஆம் பாடலில் புலவர் காட்டும் காட்சி வியப்புக்குரியது. கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்தி நிற்கிறது. மற்றொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்துப் பின்புறம் வளைந்து நிற்கிறது. இன்றைய மற்போர் ஆசான் ஒருவர் மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் நுணுக்கம் போலவே இது இருக்கிறது. 82ஆம் பாடலில் அப்போரின் விரைவுக்கு, கட்டில் பின்னுகிறவன் கையிலுள்ள ஊசியின் விரைவை உவமை கூறுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், பெய்யும் மழை, மறையும் பொழுது. இத்தனைக்கும் இடையில் வேலையை முடிக்கத் துடிப்பவனின் ஊசி அது!

நம் உள்ளத்தைத் தொட்டது மற்றொன்று. தந்தையாகிய தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், தன் மகன் இவ்வாறு நிற்கும் நிலையை அவன் காண வேண்டும் என்று புலவர் விரும்புகிறார். மகனின் வலிமையைத் தந்தை எவ்வாறு ஏற்பார் என்ற கேள்வி ஆற்றங்கரையில் நாம் கேட்டதற்கு முன்பே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழில் எழுந்துவிட்டது.

கடற்கரை மக்களுக்கும் இக்கலை உரியதே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவ இளைஞரைக் காட்டுகிறார். கடல் மணலில் கூடி, கையாலும் படைக்கலத்தாலும் ஒருவரையொருவர் நெருங்கிப் பொருது, புறங்கொடாது நின்றார்கள் என்கிறார். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் (கி.பி. 630 – 668) மாமல்லன் என்ற பட்டத்தைப் பெருமையாகச் சூடினான், மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. நம்மாழ்வார் பிறந்த திருத்தலமாகிய ஆழ்வார்திருநகரியில், கண்ணன் மதுராவில் சாணூரன், முட்டிகன் என்னும் மல்லர்களோடு பொருத கதையை வைணவ நண்பர்கள் அன்போடு சொல்லக் கேட்டிருக்கிறோம். சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் மல்லர்களின் பயிற்சி, உணவு, தரம் ஆகியவற்றுக்கென்றே ஒரு பகுதி உண்டு.

பின்னர்ப் பாரசீக மொழியிலிருந்து குஸ்தி என்ற சொல் வந்தது. வீரனைக் குறிக்கும் பஹ்லவான் என்ற சொல் தமிழில் பயில்வான் ஆயிற்று. பயில்கின்றவன் என்று தமிழ்ச் சொல்லாகவே பொருள் கொள்ளும்படி அது நம் நாவில் படிந்துவிட்டது ஓர் அழகு. தென்கோடியில் சிலம்ப ஆசான்கள் தடியோடு நில்லாமல் பிடி, பூட்டு என்று கைப்பிடிகளையும் கற்பித்தனர். வர்ம ஆசான்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 எனக் கணக்கிட்டு 108 இடங்களைச் சொல்லுவர். அந்த மரபில் ஓர் ஒழுங்கு இருந்தது. அடியைக் கற்பிக்கும் ஆசான், அடிபட்டவனை மீட்கும் இளக்குமுறையையும் அறிந்திருக்க வேண்டும். குணமறியாமல் எந்த மாணவனுக்கும் முழுமையும் சொல்லிக் கொடுத்தலாகாது. இந்த ஒழுங்கை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அண்ணலாரின் சன்னிதியில்

அரபு மொழியில் ‘ஸரஅ’ என்றால் வீழ்த்தினான் என்று பொருள். மற்போருக்கு ‘முஸாரஆ’ என்று பெயர். இதே வேரிலிருந்து ‘மிஸ்ராஃ’ என்றொரு சொல்லும் வருகிறது. அது இரட்டைக் கதவின் ஒரு பலகைக்கும் பெயர். கவிதை அடியின் ஒரு பாதிக்கும் பெயர். ஒரு பலகையால் கதவு அடைபடாது. ஒரு பாதியால் பைத்து நிறைவு பெறாது. மற்போரும் தனியே செய்யத்தக்கதன்று. எதிரே இருப்பவனின் உடலை நம்பித்தான் அதைக் கற்க முடியும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மக்காவில் ருகானா என்றொருவர் இருந்தார். குறைஷியரில் மிகுந்த பலசாலி என்று பெயர் பெற்றவர். அவர் அண்ணலாரோடு மற்போரிட்டார் என்றும், அண்ணலார் அவரை வீழ்த்தினார்கள் என்றும் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் வந்துள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதன்று என்று இமாம் திர்மிதியே குறிப்பிட்டிருக்கிறார்கள். எனினும் இப்னு ஹிஷாமின் ஸீரா முதலிய வரலாற்று நூல்களும் இச்செய்தியைப் பதிந்துள்ளன. வீழ்ந்த ருகானா வியப்படைந்து மறுபடியும் பொருத வந்தார்; மறுபடியும் வீழ்த்தப்பட்டார். அவருக்கு ஊனம் ஏதும் நேர்ந்ததாக எந்த நூலும் கூறவில்லை. பிற்காலத்தில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் (கி.பி. 625) உஹதுப் போருக்குப் படை புறப்பட்டபோது சிறுவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) நன்கு அம்பெய்பவர் என்று எடுத்துரைக்கப்பட்டதால் அவருக்கு அனுமதி கிடைத்தது. உடனே ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களின் பொருட்டு, அவர் ராஃபிஉவை மற்போரில் வீழ்த்துபவராயிற்றே என்று முறையிடப்பட்டது. அவருக்கும் அனுமதி கிடைத்தது. மற்போர்த் திறன் படைக்குத் தகுதி காட்டும் அளவுகோலாகவே அன்று மதிக்கப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி விளக்குகிறது.

இவ்வளவு மதிப்பளித்த அண்ணலாரே அதற்கு ஓர் எல்லையும் வகுத்தார்கள். மற்போரில் பிறரை வீழ்த்துபவன் உண்மையான பலசாலி ஆகான். சினம் எழும்போது தன்னை அடக்குபவனே பலசாலி என்னும் கருத்துப்பட அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி) வாயிலாகப் புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ளன. சண்டையில் முகத்தைத் தவிர்த்துக் கொள்ளுமாறு அவர்கள் பணித்ததும் அவ்விரு நூல்களிலும் உள்ளது. முகம் மனிதனின் மானம் குடியிருக்கும் இடம். உடலில் பட்ட காயம் ஆறும். முகத்தில் பட்ட அவமானம் தலைமுறைக்கும் ஆறாது.

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (1207 – 1273) தம் மஸ்னவியில் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். அலீ அவர்கள் பகைவன் ஒருவனை வீழ்த்தி வாளை ஓங்கிய வேளையில், அவன் அவர்கள் முகத்தில் உமிழ்ந்தான். அவர்கள் வாளைத் தாழ்த்தி விலகி நின்றார்கள். திகைத்த பகைவன் காரணம் கேட்டான். அதுவரை இறைவனுக்காகப் போரிட்டதாகவும், இப்போது கொன்றால் தம் சொந்தச் சினத்துக்காகக் கொன்றதாகிவிடும் என்றும் அவர்கள் விளக்கினார்கள். கீவா நகரில் அடங்கியுள்ள பஹ்லவான் மஹ்மூத் (மறைவு 1322) பற்றியும் ஒரு கதை உலவுகிறது. தம்மோடு மறுநாள் பொருதவிருந்த இளைஞனின் தாய் மகன் வெல்ல வேண்டுமென்று அழுது துஆ கேட்டதை அவர் செவியுற்றார். மறுநாள் களத்தில் தாமே விழுந்து கொடுத்தார். இவை போதனைக் கதைகள் என்ற அளவில் கொள்ளத்தக்கவை. ஆயினும் நம் சமுதாயம் எதைப் போற்றி நினைவில் வைத்தது என்பதை இவை காட்டுகின்றன. வீழ்த்திய கதைகள் எத்தனையோ இருக்க, மேலே இருந்தும் கையை விட்ட கதைகளையே நம் முன்னோர் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

ஒரு காதின் விலை

கையை விடாததால் விளைந்த கேடு ஒன்று நம் கடற்கரை வரலாற்றிலேயே இருக்கிறது. அதைப் பிறர் ஏட்டில் தேட வேண்டியதில்லை.

பொருநை கடலோடு கலக்கும் இந்தக் கரையில் கொற்கையும் அதன்பின் காயலும் முத்துக்குப் பேர்பெற்ற துறைகளாக விளங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தின் செழிப்பையும் அங்கு வந்திறங்கிய குதிரைகளையும் எழுதி வைத்தார். இக்கரையில் முத்துக் குளித்த பரதவரும், வணிகம் செய்த முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்தனர், போட்டியும் வளர்ந்தது. 1530களில் தூத்துக்குடியில் நிகழ்ந்த ஒரு சச்சரவை யேசு சபைப் பாதிரிமாரின் பழங்குறிப்புகள் கூறுகின்றன. முஸ்லிம் ஒருவர் பரதவப் பெண் ஒருவரை இழிவுபடுத்தினார். அப்பெண்ணின் கணவர் தட்டிக் கேட்டார். கைகலப்பில் கணவரின் காதணியைப் பற்றி இழுத்ததில் காது அறுபட்டது என்பது அக்குறிப்புகளின் சாரம். காதில் தொங்கும் அணி பரதவர்க்கு அழகுப் பொருள் மட்டுமன்று, குலத்தின் மானம்.

பழிக்குப் பழி மூண்டது. இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. நெருக்கடிக்குள்ளான பரதவத் தலைவர்கள், ஜான் தா குரூஸ் என்னும் குதிரை வணிகரின் யோசனைப்படி கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்கள். 1536, 1537ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் பரதவர் ஞானஸ்நானம் பெற்றனர். 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் மார்ட்டின் அபோன்சோ டி சூசாவின் படை, மரைக்காயர்களின் பெரும் கடற்படையை முறியடித்தது. முத்துக் கரையின் மீது நம்மவர்க்கிருந்த செல்வாக்கு அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பரதவருக்கும் புதிய எசமானர்கள் வந்து சேர்ந்தார்கள்.

முத்து வணிகப் போட்டியே இதன் மூலகாரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அது மெய்யே. ஒரு காது அறுபடாதிருந்தால் போர்த்துக்கீசியர் வந்திருக்கவே மாட்டார்கள் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும் காய்ந்து கிடந்த ஓலைக்குத் தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்போது, சினம் கொண்ட ஒரு கையே கண்ணில் படுகிறது. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதற்காக நின்றவரின் முகத்தருகே அந்தக் கை சென்றது. முகத்தைத் தவிர்க்கச் சொன்ன நபிமொழியைப் பின்பற்றும் சமுதாயத்தைச் சேர்ந்தவரின் கையன்றோ அது! குறிப்புகள் மாற்றார் எழுதியவை என்று தள்ளிவிடுவது எளிது. நம் பக்கத்தில் தவறே இராது என்று நம்புகிறவன் மீசையில் என்றைக்கும் மண் ஒட்டாது.

இன்று அந்த முத்தும் இல்லை. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. எந்தச் சிப்பிக்காக இரண்டு மக்களும் மோதிக் கொண்டார்களோ, அந்தச் சிப்பி போய்விட்டது. அந்த இரண்டு மக்களும் இன்றும் அதே கரையில் அருகருகே வாழ்கிறார்கள்.

நம் கையின் குற்றம்

இதை எழுதும்போது நம்மையும் மறைத்துக் கொள்ள மனம் ஒப்பவில்லை. இளமையில் நம் ஊர்ச் சிலம்ப ஆசான் ஒருவரிடம் சில மாதங்கள் பாடம் கேட்டோம். இரண்டு பூட்டுகள் கைவந்தன. இளக்குமுறைக்கு அவர் வருமுன்னே, ஓதுவதற்காக வேறோர் ஊர் மதரஸாவுக்குச் சென்றுவிட்டோம். அங்கே மிஷ்காத் ஓதிக் கொண்டிருந்த ஆண்டில் ஒரு நாள், நாம் வாசித்ததில் நேர்ந்த பிழையைச் சக மாணவர் ஒருவர் மற்றவர்கள் முன்னிலையில் கேலி செய்தார். கிணற்றடியில் அவரைப் பிடித்தோம். வீழ்த்தினோம். முழங்கையைப் பூட்டினோம். “விட்டுவிடு” என்று அவர் கதறியது காதில் விழுந்தது. விழுந்தும், இன்னும் ஒரு கணம் நெருக்கினோம்.

அந்த ஒரு கணத்தில் அவர் கை போயிற்று. எலும்பு வைத்தியர் கட்டுப் போட்டார், வலி நீங்கியது, கை மட்டும் முழுதாக நீளவேயில்லை. பலசாலி யார் என்று விளக்கும் அந்த நபிமொழி மிஷ்காத்திலும் இருக்கிறது. அரபு மூலத்தை இலக்கணப் பிரிப்போடு ஒப்புவிக்க நமக்குத் தெரிந்திருந்தது. நாவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. அவர் நம்மை மன்னித்தார். ஆயினும் சந்திக்கும்போதெல்லாம் முஸாஃபஹாவுக்காக அவர் கையை நீட்டுகையில், அது முக்கால் தூரம் வந்து நின்றுவிடும். மீதித் தூரத்தை நாம்தான் நடந்து கடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே சண்டை படித்தால் பிள்ளை கெட்டுவிடுவான் என்று அஞ்சும் தாயிடம், அந்த அச்சம் வீண் என்று சொல்ல நமக்கு வாயில்லை. அரைகுறையாகப் படித்தால் கெடுவான் என்று சொல்ல மட்டும் தகுதியுண்டு. பிடிக்கக் கற்றோம்; விடக் கற்கவில்லை. பிழை அங்கேதான் நேர்ந்தது.

விடுவதைக் கற்பிக்கும் பள்ளி

ஜப்பானில் ஜிகோரோ கானோ என்னும் ஆசிரியர் பழைய ஜுஜுத்சுக் கலையிலிருந்து அபாயமான முறைகளைக் களைந்து 1882இல் டோக்கியோவில் ஜூடோவை நிறுவினார். மென்மையின் வழி என்பது அப்பெயரின் பொருள். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. அங்கே மாணவன் முதலில் கற்பது வீழ்த்துவதையன்று, அடிபடாமல் விழுவதை. பூட்டிலோ கழுத்துப் பிடியிலோ அகப்பட்டவன் உள்ளங்கையால் இருமுறை தட்டினால், பிடித்தவன் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். வார்த்தை வேண்டியதில்லை, வாதம் வேண்டியதில்லை, தட்டினால் விட வேண்டும். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்து பழகிய கை, சினத்திலும் அந்தத் தட்டலைக் கேட்கும். நமக்கு அன்று இல்லாமற்போனது இதுவே.

விடத் தெரியாத பிடி எவ்வளவு கொடியது என்பதை உலகம் அண்மையில் கண்டது. 2020 மே 25ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவரைத் தரையில் குப்புறக் கிடத்தி, காவலர் ஒருவர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக அவர் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்தார். மூச்சு விட முடியவில்லை என்று அவர் மன்றாடியும் கால் எடுபடவில்லை. அவர் மாண்டார். அக்காவலர் மறு ஆண்டில் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. கழுத்தையும் மார்பையும் நெருக்குவதும், குப்புறக் கிடப்பவன் முதுகில் ஏறுவதும் உயிரைக் குடிக்கும் என்பதை இக்கலையைக் கற்போர் முதல் நாளிலேயே அறிய வேண்டும்.

இத்தகைய அபாயம் இருந்தும் மற்போரை நாம் ஏன் பரிந்துரைக்கிறோம்? கல்லுக்கும் கத்திக்கும் அளவு கிடையாது. எறிந்த கல்லைத் திருப்பி அழைக்க முடியாது. குத்து முகத்தைத் தேடிச் செல்லும். பிடியோ, போட்ட பின்னும் நம் கையிலேயே இருக்கிறது. இறுக்கலாம், தளர்த்தலாம், விட்டுவிடலாம். குடித்துவிட்டுச் சண்டைக்கு வரும் உறவினரைக் காயப்படுத்தாமல் அடக்கி உட்கார வைக்கலாம். நெருங்கி நிற்கும் பகைவனிடமிருந்து தப்பலாம். அவனைப் பாவத்திலிருந்து தடுக்கவும் செய்யலாம். கத்தி கண்டால் மட்டும் பிடிக்கப் போகாமல் ஓடுவதே அறிவுடைமை. இதையும் நல்ல ஆசான் சொல்லிக் கொடுப்பார்.

பெண்மக்களுக்கும் இது வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஹமீதா பானுவின் பெயரை நினைவூட்டுகிறோம். வட இந்தியாவைச் சேர்ந்த இந்த முஸ்லிம் பெண்மணி, 1954இல் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடிகளில் வீழ்த்தினார் என்று செய்தித்தாள்கள் எழுதின. நம் பெண்மக்கள் களமேறிப் பொருத வேண்டும் என்பது நம் கருத்தன்று. பெண் ஆசிரியையிடம், தக்க ஒழுங்கோடு, பற்றிய கையை விடுவித்துக் கொள்ளும் அளவுக்கேனும் அவர்கள் கற்பது நன்று. இருட்டிய பின் பேருந்து நிலையத்தில் நிற்கும் மகளின் மணிக்கட்டை ஒருவன் பற்றினால், அங்கே வாப்பாவும் காக்காவும் இருக்கப் போவதில்லை.

இவற்றையெல்லாம் சுருக்கி ஆழ்வார்திருநகரி நண்பருக்குக் கடிதம் எழுதினோம். மகனைச் சேர்த்துவிடுங்கள். முதல் மாதத்தில் எதைக் கற்பிக்கிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள். விழவும் விடவும் கற்பிக்கிறாரா, அல்லது அடிக்க மட்டும் கற்பிக்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது வகையானால் அன்றைக்கே அழைத்து வந்துவிடுங்கள். நல்ல ஆசிரியரானால் இடையில் நிறுத்தாதீர்கள். பாதிப் படிப்போடு நிறுத்துவதைவிடப் படிக்காமலிருப்பது மேல். அவன் உம்மாவை ஒரு நாள் அழைத்துப் போய் அந்தத் தட்டலையும், தட்டியவுடன் கை விலகுவதையும் காட்டுங்கள் என்று முடித்திருந்தோம்.

மூன்று மாதங்களுக்குப் பின் மறுமொழி வந்தது. பிள்ளை தனியாகப் பள்ளிக்குப் போகிறான். ஆற்றுமணலில் மற்றச் சிறுவர்களோடு மல்லாடுகிறான். உம்மா இன்னும் முழுமனத்தோடு ஒப்பவில்லை, ஆனாலும் பயிற்சிக்குப் போகும் நாளில் முட்டை அவித்து வைக்கிறாள் என்று எழுதியிருந்தார்.

சென்ற பெருநாளன்று தொழுகை முடிந்ததும் நம் பழைய மதரஸாத் தோழரைச் சந்தித்தோம். பெருநாள் ஆலிங்கனத்துக்கு ‘முஆனகா’ என்று பெயர்; ‘உனுக்’ என்றால் கழுத்து. கழுத்தைச் சுற்றிக் கை போடுவதில் மற்போருக்கும் வாழ்த்துக்கும் பிடி ஒன்றே. அவர் தம் நீளாத கையை நம் கழுத்தில் போட்டு அணைத்தார். சிறிது நேரம் அப்படியே நின்றோம். பின்னர் அவர்தாம் முதலில் விட்டார்.